வேட்டை மீன் தொட்டியில் நத்தை, இறால், நண்டு: கேள்வி பதில்

கடல்நீர்த் தொட்டி பற்றி மட்டும் கேளுங்கள். ஃப்ளவர்ஹார்ன் என்கிற நன்னீர் மீனுக்குத் தலை பெருக்க வழி கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது.

சத்துவாச்சாரி: அண்ணா, 500 லிட்டர் தொட்டி. ஒரு லயன் மீன், ஒரு சின்ன களவா. கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பாசி. எந்த நத்தை விடலாம்?

முதலில் உங்கள் மீன் விழுங்குகிற ஜாதியா, உடைக்கிற ஜாதியா என்று பாருங்கள். லயன், களவா இரண்டும் வாய்க்குள் அடங்குவதை முழுசாக விழுங்குபவை. ஓடு உடைக்கத் தெரியாது. அதனால் நத்தை பெரும்பாலும் பிழைக்கும், இறால் பிழைக்காது. கிளாத்தி (ட்ரிகர்), பேத்தை, பெரிய ராஸ் மீன் எல்லாம் உடைப்பவை. அவற்றுக்கு நத்தை என்றால் தீனிதான்.

உங்களுக்கு ட்ரோகஸ் நத்தை சரியாக வரும். கண்ணாடியிலிருந்து மல்லாக்க விழுந்தாலும் தானே புரண்டு எழுந்துவிடும். டர்போ நன்றாக மேயும், ஆனால் விழுந்தால் பல நேரம் எழ முடியாமல் அங்கேயே செத்து நாறும். காலையில் ஒரு பார்வை பார்த்து நிமிர்த்தி விடுங்கள். கையை விடும் முன் லயன் எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் விஷ முள் குத்தினால், தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மணலுக்கு நசாரியஸ் நத்தை. பகலெல்லாம் புதைந்து கிடக்கும், மேலே மூச்சுக்குழல் நுனி மட்டும் தெரியும். மீன் துண்டு ஒன்றைப் போட்டதும் மணலைப் பிளந்துகொண்டு நாலாபக்கமும் கிளம்பி வரும். ஆனால் பாசியை அது தொடாது, மிச்சம் மீதியைத்தான் தின்னும்.

காட்பாடி: நைகர் ட்ரிகரோடு நத்தை இருக்குமா?

கிளாத்திகளில் ஓரளவு சாது அதுதான். கடலில் மிதவை உயிர்களைத் தின்று வாழ்வது. இருந்தாலும் உத்தரவாதம் இல்லை. பிகாசோ, க்ளவுன் ட்ரிகர் என்றால் நினைக்கவே வேண்டாம்.

வாணியம்பாடி: மீனுக்கு வெள்ளைப்புள்ளி. செம்பு மருந்து ஊற்றலாமா? நத்தைகள் உள்ளே இருக்கின்றன.

ஊற்றாதீர்கள். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் பாருங்கள். மீன் தாங்குகிற செம்பு நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். கல்லும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

ஆம்பூர்: இறால் பிழைக்காது என்று சத்துவாச்சாரிக்காரருக்குச் சொன்னீர்கள். என் லயன் தொட்டியில் க்ளீனர் இறால் ரொம்ப நாளாக நன்றாக இருக்கிறது. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

பாய், சந்தோஷம். இறாலை முதலில் விட்டீர்களா, லயனையா? க்ளீனர் இறாலின் சிவப்பு முதுகும் நடுவில் ஓடும் வெள்ளைக் கோடும் பெரிய மீன்களுக்கு அடையாளம். பாறைக்கடலில் களவாவும், பாம்பு போல் நீண்ட அஞ்சாலை மீனும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சுத்தம் பண்ண விடும். அந்த மரியாதை தொட்டியிலும் கொஞ்சம் செல்லும். ஆனால் இறால் சட்டை உரிக்கிற இரவு உடம்பு மெத்தென்று இருக்கும், ஒளிய இடமும் இல்லையென்றால் கதை முடிந்தது.

குடியாத்தம்: நான் ஆம்பூர்க்காரர் பக்கம். வயிறு நிறைய தீனி போட்டால் லயன் தொடாது.

பசி ஒரு காரணம்தான். லயன் ஒரு முறை வாயைத் திறந்து இழுத்தால் போதும், பசி இருந்ததா என்று யோசித்துவிட்டு இழுக்காது. அதோடு, இறாலைக் காப்பாற்ற அதிகம் தீனி போட்டால் நைட்ரேட் ஏறும். பிறகு பாசி என்று இங்கேயே வந்து கேட்பீர்கள்.

ஆம்பூர்: போன வாரம் இறால் செத்துவிட்டது என்று பதறினேன், பார்த்தால் வெறும் சட்டை. அந்த இரவும் பிழைத்ததே?

கண்ணாடி மாதிரி கிடந்திருக்கும், மீசை முதற்கொண்டு. பிழைத்தது நல்லதுதான். குகை போன்ற கல் இருந்தால் வாய்ப்பு கூடும். ஆனால் உங்கள் ஒரு இறாலை நம்பி நான் பத்துப் பேரை வாங்கச் சொல்ல முடியாது.

குடியாத்தம்: வாங்கியவர்களுக்குத்தானே அனுபவம் வரும்?

இறாலுக்கு வராது. இந்தப் பேச்சு போதும்.

ராணிப்பேட்டை: கத்திரி வெயிலில் நத்தைகள் அடுத்தடுத்துச் சாகின்றன.

40 டிகிரியைத் தாண்டும் ஊரில் தொட்டியை 26-ல் நிறுத்துவது சுலபமில்லை. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்க முடியவில்லையென்றால் நீர்ப்பரப்பில் ஃபேன் வையுங்கள். நம் கோடையில் காற்று சென்னை அளவுக்கு ஈரமாக இருக்காது, ஃபேன் நன்றாக வேலை செய்யும். ஆனால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தினம் குறைகிற அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். சாவுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அடர்த்தி அளவு 1.025 பக்கத்தில் நிற்கட்டும். புது நத்தையை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்கி விடுங்கள்.

ஆரணி: செம்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீர் ஊற்றலாமா?

செம்பு பற்றி மேலே என்ன எழுதியிருக்கிறேன்?

போளூர்: கடல் அட்டை மணலைச் சுத்தம் பண்ணுமாமே, எங்கே கிடைக்கும்?

கேட்காதீர்கள். 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

மேல்விஷாரம்: கடற்கரையில் சங்குக்குள் ஓடும் நண்டைப் பிடித்து வந்து விடலாமா?

மணலில் ஓடுவது நிலத்து ஹெர்மிட் நண்டு. தொட்டியில் மூழ்கிச் செத்துவிடும். கடல் ஹெர்மிட்டிலும் பெரியவை நத்தையைக் கொன்று ஓட்டைப் பிடுங்கும். கரையில் கூம்புச் சங்கு உயிரோடு கிடந்தால் அழகாக இருக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். சில வகைகளின் குத்து ஆளைக் கொல்லும்.

தொரப்பாடி: நத்தை விட்டால் மீன் கழிவைத் தின்னுமா? தண்ணீர் மாற்ற வேண்டாம்தானே?

தின்னாது. வேண்டும்.

ஆற்காடு: அண்ணா, க்ளவுன் ட்ரிகரோடு எந்த நத்தை நல்லது?

காட்பாடிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அணைக்கட்டு: பேத்தை மீனோடு?

உடைக்கிற ஜாதி. அதற்கு ஓட்டோடு நத்தையைத் தீனியாகவே கொடுக்கலாம், இல்லையென்றால் பல் வளர்ந்துகொண்டே போகும். கண்ணாடியை நீங்களே காந்தத் தேய்ப்பானால் தேயுங்கள். புள்ளி நோய் வந்தால் அந்த மீனுக்கும் செம்பு தனித் தொட்டியில்தான்.