மீட்டருக்கு எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான்

கேள்வி: ஜெர்மனியில் ஒரு சிற்றூர் நகராட்சியில் பொறியாளராக இருக்கிறேன். 80 வீடுகளுக்கு டிஸ்ட்ரிக்ட் ஹீட்டிங், அதாவது ஒரே இடத்தில் சூடாக்கிய வெந்நீரை மண்ணுக்கடியில் குழாய்வழி அனுப்பும் திட்டத்துக்கு, உத்தேச மதிப்பீடு கேட்கிறார்கள். தெருவின் நீளம் 1,500 மீட்டர். அதை மீட்டர் விலையால் பெருக்கினால் போதுமா?

பதில்: போதாது. தெருவிலிருந்து வீட்டுக்குள் போகும் கிளைக்குழாயை விட்டுவிட்டீர்கள், வீட்டுக்கு 12 மீட்டர் என்றாலே 960 கூடி மொத்தம் 2,460 மீட்டர். மீட்டர் விலையும் ஒன்றல்ல. குழாயைவிடத் தோண்டுவதும் மூடுவதும் திரும்பத் தார் போடுவதும்தான் பல இடங்களில் காசைத் தின்னும். புல்தரைக்கும் கேபிள்கள் நெருக்கியடிக்கும் பழைய தெருவுக்கும் ஒரே விலை வராது. பாதையைத் துண்டுதுண்டாகப் பிரித்து உள்ளூர் ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேளுங்கள்.

சரி, பேச்சுக்குச் சராசரி 500 யூரோ என்று வைப்போம். குழாய்க்கு மட்டும் 12.3 லட்சம் யூரோ. 30 ஆண்டுக் கடன், 4 சதவீத வட்டி என்றால் தவணை வருடத்துக்குச் சுமார் 71,000 யூரோ. வீட்டுக்கு வருடம் 15 மெகாவாட் மணி (ஒன்று 1,000 யூனிட்) வெப்பம் வீதம் 1,200 விற்றால், ஒரு மெகாவாட் மணிக்கு 59 யூரோ குழாய்ச் செலவாகவே ஏறுகிறது. கொதிகலன், எரிபொருள், வீட்டு வெப்பமாற்றி எல்லாம் இதற்கு மேல்.

இப்போது பாதி வீடுகள்தான் சேர்ந்தன என்று வையுங்கள். தெருக்குழாய் அப்படியேதான் இருக்கும், கிளைகள் மட்டும் குறைந்து 1,980 மீட்டர் ஆகும், விற்பனையோ 600 மெகாவாட் மணி. அந்த 59 யூரோ 95 ஆகிவிடும். கசியும் வெப்பமும் சேர்ந்துகொள்ளும்: மீட்டருக்கு 15 வாட் இழப்பு என்றால், அனுப்பும் வெப்பத்தில் 21 சதவீதமாக இருந்தது 30 ஆகிறது.

அதனால் மேலதிகாரியிடம் ஒற்றை எண்ணைக் கொடுக்காதீர்கள். 40, 60, 80 வீடுகள் சேர்ந்தால் என்ன விலை என்று மூன்று வரியாகக் கொடுங்கள், அப்புறம் எத்தனை பேர் கையெழுத்துப் போடத் தயார் என்று வீடு வீடாகக் கேளுங்கள், அதற்குப் பிறகு வரைபடத்தைத் திருத்தலாம்.

மானியம் பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொல்வார்கள். 16 கட்டடங்களுக்கு மேல் போகும், பெரும்பாலும் புதுப்பிக்கத்தக்க வெப்பத்தில் ஓடும் வலையமைப்புக்கு ஜெர்மன் அரசின் பிஇடபிள்யூ திட்டம் தகுதியான செலவில் 40 சதவீதம் வரை தருகிறது, உண்மைதான். ஆனால் 95-இல் 40 சதவீதம் போனால் 57. பாதிப்பேர் சேராமல் போனதை ஈடுகட்டவே அந்த மானியம் மொத்தமும் செலவாகிவிடும்.