அந்தக் கிளாஸ்

வணக்கம் அண்ணா,
அப்பா மலேரியா தடுப்பு இயக்கத்தில் மருந்தடித்து ஓய்வுபெற்றவர். வயது 71. இரண்டு வருடமாகக் கை நடுங்குது. வெளியில் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கினம். அரச ஊழியருக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதியில் அந்தக் காசை எடுக்கலாமா? பெரிய உத்தியோகம் இல்லை, வெறும் லேபர்தான்.
— ஒரு வாசகி, நெடுங்கேணி

தங்கச்சி,

முதலில் அந்த 'வெறும்' என்பதை வெட்டுங்கள். 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லையென்றுதான் 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. உங்கள் பிள்ளைகள் மலேரியாவுக்குக் குடிக்கிற குளோரோகுயின் குளிசையின் கசப்புத் தெரியாமல் வளருகிறார்கள் என்றால் உங்கள் அப்பாவும் அதற்குக் காரணம்.

அக்ரஹார விசயத்துக்கு ஓய்வூதிய இலக்கத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போங்கள், சொல்லுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்கும் மருந்தடிக்க வருவார்கள். சட்டி பானையெல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். ஒருவர் வாளித் தண்ணீரில் மலத்தியன் என்ற நுளம்புக்கொல்லித் தூளைக் கொட்டித் தடியால் கலக்குவார். கட்டி கரையாவிட்டால் கையை விட்டுப் பிசைவார். மூக்கில் ஒரு பழைய சாரத்துண்டு, அவ்வளவுதான். முடிய அம்மா தேத்தண்ணி கொடுப்பா. சாம்பல் போட்டு மூன்றுதரம் தேய்த்தும் மணம் போகவில்லை என்று அந்தக் கிளாஸை அம்மா புறம்பாக எடுத்து வைத்தா. அடுத்தமுறை அவர் வந்தபோதும் அதே கிளாஸ்தான்.

1976இல் பாகிஸ்தானில் மலத்தியன் அடித்த 7,500 பேரில் ஏறத்தாழ 2,800 பேருக்கு நஞ்சேறியது. ஐந்து பேர் செத்தார்கள். அதையொட்டிய வருடங்களில்தான் இங்கே பழைய நுளம்புக்கொல்லியான டி.டி.ரி.யை விட்டு மலத்தியனுக்கு மாறினோம். அது நரம்புக்கு வேண்டிய ஒரு நொதியை முடக்கும். அடிக்கிற நாட்களில் இரத்தத்தைச் சோதித்தால் பிடிபடும். இத்தனை வருடம் கழித்து எந்த இரத்தமும் சாட்சி சொல்லாது. அப்பாவின் நடுக்கம் அதனால்தான் என்று நான் சொல்லவில்லை, வயதாலும் வரும். ஆனால் அதைக் கேட்டுப் பார்க்கவாவது வைத்தியருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கிளினிக் கொப்பியில் தொழில் என்ற இடத்தில் 'ஓய்வூதியர்' என்றுதானே எழுதிக்கொடுத்தீர்கள்? ஓய்வூதியம் ஒரு தொழிலா, பிள்ளை? கந்தோர்க் கோவையில் அவருடைய சம்பள ஏற்றம் இருக்கும், லீவுக் கணக்கு இருக்கும். எந்த மருந்தை எத்தனை வருடம் மூச்சில் எடுத்தார் என்பதை யார் எழுதி வைத்தது? அதில்லாமல் தொழிலால் வந்த வருத்தம் என்று எந்த மேசையில் போய்ச் சொல்லுவீர்கள்?

இன்றைக்கே ஒரு கொப்பி எடுத்து அவருக்குப் பக்கத்தில் இருங்கள். எந்த வருடம், எந்த ஊர், என்ன மருந்து, கையுறை தந்தார்களா, இரத்தம் எடுத்தார்களா, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, மாங்குளம் என்று ஊர் ஊராகச் சொல்லுவார்.

82, 83இல் கனகராயன்குளத்துப் பக்கம் வந்தவரா என்றும் கேட்டு எழுதுங்கள்.