நீரை அளந்து கொழுப்பை அறிதல்: காட்டு விலங்குகளின் உடலமைப்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி (பள்ளி ஆசிரியர்): உயிருள்ள விலங்கின் உடலில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: கொள்ளளவு தெரியாத தொட்டியில் அறிந்த அளவு உப்பைக் கரைத்து, அது எவ்வளவு நீர்த்துப்போனது என்று பார்த்தால், தொட்டியிலுள்ள நீரைக் கணக்கிட்டுவிடலாம். இங்கே உப்புக்குப் பதில் கனநீர், அதாவது சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் என்னும் கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர். டியூட்டீரியம் கண்டறியப்பட்டு மூன்றே ஆண்டுகளில், 1934-இல், ஹெவெசி, ஹோஃபர் என்னும் ஆய்வாளர்கள் இதை மனித உடலில் செய்து பார்த்தனர். விலங்கிடம் முதலில் சிறிது இரத்தம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இயற்கை நீரிலும் சிறிதளவு டியூட்டீரியம் உண்டு என்பதே காரணம். பிறகு எடைபோட்ட கனநீரை ஊசி வழியே செலுத்தி, அது உடலெங்கும் சீராகக் கலந்த பின் மீண்டும் இரத்தம் எடுக்கிறார்கள். கடல்நாய்களில் இதற்குச் சில மணி நேரம் ஆகும்.

கேள்வி (விலங்கியல் மாணவி): நீரின் அளவிலிருந்து கொழுப்பின் அளவு எப்படிக் கிடைக்கிறது?

பதில்: கொழுப்பில் நீர் இல்லை, கொழுப்பு நீங்கிய உடலில் சுமார் 73 விழுக்காடு நீர். எனவே 100 கிலோ கடல்நாயின் உடலில் 45 கிலோ நீர் இருந்தால், கொழுப்பு நீங்கிய நிறை ஏறத்தாழ 61.6 கிலோ, மீதி 38.4 கிலோ கொழுப்பு. ஆனால் 73 என்பது எல்லா விலங்குக்கும் எல்லா வயதுக்கும் பொருந்தும் மாறிலி அன்று. புதிதாகப் பிறந்த குட்டிகளின் தசையில் நீர் கூடுதலாக இருக்கும்.

கேள்வி (அதே மாணவி): அளவீட்டில் பிழை எவ்வளவு?

பதில்: எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். செலுத்திய டியூட்டீரியத்தின் ஒரு பகுதி நீரில் தங்காமல் புரதம் முதலியவற்றிலுள்ள ஹைட்ரஜனுடன் இடம் மாற்றிக்கொள்வதால், உடல்நீர் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். சாம்பல் கடல்நாய்களில் 1990-இல் ரெய்லியும் ஃபெடாக்கும் உடலை நேரடியாகப் பகுப்பாய்வு செய்து ஒப்பிட்டபோது, இந்த மிகை ஏறத்தாழ 3 விழுக்காடாக இருந்தது. சிறிய பிழைதானே என்று எண்ண வேண்டாம். மேற்சொன்ன கொழுத்த கடல்நாயில் கொழுப்பு 38.4-லிருந்து 36.5 கிலோவாகக் குறைந்து தெரியும், அவ்வளவே. ஆனால் 100 கிலோ எடையில் 68 கிலோ நீருள்ள மெலிந்த விலங்கில், உண்மையான 6.8 கிலோ கொழுப்பு வெறும் 4 கிலோவாகத் தெரியும். ஆகவே, திருத்தம் செய்யாமல் மெலிந்த விலங்கின் கொழுப்பைக் கிலோவில் எழுதும் கட்டுரைகளை நான் ஐயத்துடனேயே படிக்கிறேன்.

கேள்வி (வனக் கல்லூரி மாணவர்): ஏன் எல்லா ஆய்வுகளும் கடல்நாய்களிலேயே நடக்கின்றன? புள்ளிமானில் செய்யக்கூடாதா?

பதில்: கனடாவின் சேபிள் தீவில் சாம்பல் கடல்நாய்த் தாய், பாலூட்டும் இரண்டரை வார அளவில் எதையும் உண்பதில்லை; கரையிலேயே கிடக்கிறது. வெளியிலிருந்து உணவோ நீரோ உடலுக்குள் வராத விலங்கு, இம்முறைக்கு வாய்த்த வரம். தொடக்கத்திலும் முடிவிலும் அளந்தால் தாய் இழந்த கொழுப்பும், குட்டி சேர்த்த கொழுப்பும் தெரிந்துவிடும். மானிலோ, ரூமன் என்னும் முதல் இரைப்பையில் தேங்கிய நீரே உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகலாம். அந்த நீரும் கனநீருடன் கலந்துவிடுவதால், உடல்நீர் எது, தீவனத்துடன் கிடக்கும் நீர் எது என்று பிரிக்க இயலாது.

கேள்வி (உடற்பயிற்சியாளர்): எங்கள் கூடத்துக் கருவியைப் போல மின்சாரம் செலுத்தி அளக்க முடியாதா?

பதில்: மயக்கமூட்டிய கரடிகளில் செய்திருக்கிறார்கள். கிடத்தும் நிலை, மின்முனை வைக்கும் இடம் ஆகியவை சற்று மாறினாலும் விடை மாறும்.

கேள்வி (முதுமலை அருகிலிருந்து ஒருவர்): யானைக்கு என்ன வழி?

பதில்: காட்டு யானையை எடைபோடுவதே பெரும்பாடு, ஆகவே கண்ணால் பார்த்து மதிப்பெண் இடும் முறையே நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டு யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியும் பங்களித்த, 2006-இல் வெளியான முறையில், தலை, தோள், விலா, இடுப்பு முதலிய பகுதிகளின் குழிவையும் எலும்புத் துருத்தலையும் பார்த்து 0 முதல் 11 வரை மதிப்பெண் தரப்படுகிறது. இது கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டாது. ஒரே யானையை ஒரே பார்வையாளர் கோடையிலும் மழைக்குப் பின்னும் மதிப்பிட்டு ஒப்பிடுவதற்குத்தான் இது மிகவும் பயன்படும்.