பிள்ளைகள் வீட்டில் இருக்கும் கதை

அன்புள்ள ஐயா,

கனடாவின் தண்டர் பேயில் படிக்க வந்து, இங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டவன் நான். நீங்கள் ஓர் உரையில் ‘ஸ்பிரிட் பே’ என்ற பழைய கனடியத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிச் சொன்னீர்கள். தேடிப் பிடித்துச் சில பகுதிகள் பார்த்தேன். ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்கள் வாழும் ஏரிக்கரை ஊர் ஒன்றின் கதை. எனக்கு ஏமாற்றம்தான். ஒரு சிறுமி ரயிலைக் கண்டு பயப்படுகிறாள். ஒரு பையன் சைக்கிளுக்காக புளூபெர்ரி பறிக்கிறான். இன்னொரு பெண் கதை எழுதுகிறாள், அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். அந்த மக்களுக்கு நடந்த கொடுமைகள் எங்கே? நான் பஸ் நிறுத்தத்தில் தினமும் பார்க்கும் குடியும் சண்டையும் எங்கே? அரசாங்கம் இவ்வளவு இலவசப் பணம் கொடுத்தும் இவர்கள் ஏன் முன்னேறவில்லை என்பதற்கும் அதில் பதில் இல்லை. இதை ஒளிபரப்பிய சிபிசி அரசுத் தொலைக்காட்சி என்பதால் மழுப்பிவிட்டார்களா? ஒஜிப்வே வாழ்க்கையை அறிய இது உதவுமா, அல்லது பிறகு வந்த ‘தி ரெஸ்’ பார்க்கலாமா?

எஸ்., தண்டர் பே

அன்புள்ள எஸ்,

‘தி ரெஸ்’ பார்க்கலாம். 1990களில் வந்தது. இளவட்டங்கள், காதல், கேலி என்று அது வேறு ரகம். அதைப் பற்றி இப்போது பேச எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் ‘ஒரு சிறுமி ரயிலைக் கண்டு பயப்படுகிறாள், அவ்வளவுதான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டிப் போக முடியவில்லை. 2025 செப்டம்பரில் நடிகர் கிரஹாம் கிரீன் காலமானபோது ஊரெல்லாம் அவருடைய ஹாலிவுட் படங்களைப் பற்றி எழுதியது. நான் எடுத்துப் பார்த்தது அதற்கெல்லாம் முன்னால் அவர் நடித்த இந்தத் தொடரைத்தான். அன்றிலிருந்து அந்தச் சிறுமியும் அந்த ரயிலும் என் மனசில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

1980களில் வந்த தொடர். மொத்தம் 13 பகுதிகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். நிபிகான் ஏரிக்கரையில் ராக்கி பே என்ற ரிசர்வில், அதாவது பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்தில், எடுத்தார்கள். உங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். டான்டூ கார்டினல், டாம் ஜாக்சன் என்று பிற்பாடு பெரும் பெயரெடுத்த பூர்வகுடி நடிகர்கள் பலர் இதில் உண்டு. பார்ப்பவர்களில் சிறுவர்கள் அதிகம் என்று தெரிந்தே எடுத்தது.

சரி, ரயிலுக்கு வருகிறேன். குளிர்காலம். கண்ணி வைத்து விலங்கு பிடிக்கக் காட்டுக்குள் போன குடும்பம். அப்பாவுக்கு அடிபட்டுவிடுகிறது. அவரைக் காப்பாற்ற வேண்டுமானால் மகள் போய் ரயிலை நிறுத்த வேண்டும். அவளுக்கோ ரயில் என்றாலே நடுக்கம். ஒரு குழந்தையின் அச்சம், அவள் அதைக் கடப்பது என்று பார்த்தாலே அது நல்ல கதை. அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனால் அந்த நாட்டில் அந்த மக்களுக்கு ரயில் என்றால் என்ன என்று நீங்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்.

1880களிலிருந்து நூறு வருடத்துக்கும் மேலாகக் கனடா, பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போய் உறைவிடப் பள்ளிகளில் அடைத்தது. காசு அரசாங்கத்துடையது, நிர்வாகம் பெரும்பாலும் சர்ச்சுகளுடையது. 1920-ல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். தாய்மொழி பேசினால் அடி. ரயிலிலும் லாரியிலும் பிறகு சின்ன விமானங்களிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். 1966 அக்டோபரில் கெனோராவில் இருந்த அப்படியொரு பள்ளியிலிருந்து சேனி வென்ஜாக் என்ற ஒஜிப்வே சிறுவன் தப்பி ஓடினான். வயது 12. வீடு சுமார் 600 கிலோமீட்டருக்கு அப்பால், ஒகோகி போஸ்டில். வீடு எவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரியாது. தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே போனால் வந்துவிடும் என்று நடந்தான். மெல்லிய சட்டை. சின்னக் கண்ணாடிக் குப்பியில் சில தீக்குச்சிகள். மழை, பனி. தண்டவாளத்தின் ஓரத்திலேயே செத்துக் கிடந்தான்.

அந்தச் சாவுக்கு இருபது வருடம்கூட முடியாத காலத்தில், அதே வடக்கு ஒன்டாரியோவில், ஓர் ஒஜிப்வே சிறுமி தண்டவாளத்தின் மேல் நின்று ரயிலை நிறுத்துகிறாள். நிறுத்தி, தன் அப்பாவை மீட்டுக்கொள்கிறாள். அதைப் பார்த்துவிட்டு ‘அவ்வளவுதான்’ என்கிறீர்கள். எடுத்தவர்கள் இதையெல்லாம் கணக்குப் போட்டு எடுத்தார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த ஊரில் உட்கார்ந்து அதைப் பார்த்த பாட்டிகளுக்கு யாரும் எதையும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

கதை எழுதும் பெண்ணின் அப்பாவையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஆசிரியை மெச்சுகிறாள், போட்டிக்கு அனுப்பலாம் என்கிறாள். அப்பா முறைக்கிறார். நீங்கள் அவரைப் பிற்போக்கான மனிதர் என்று ஒதுக்கியிருப்பீர்கள். 1980களில் நாற்பது வயது ஆள் என்றால், அவர் பள்ளிக்கூட வயதில் இருந்தது 1950களில். அந்தத் தலைமுறைக்குப் பள்ளிக்கூடம் என்றால் பிள்ளையை வாங்கிக்கொண்டு திருப்பித் தராத இடம். வாத்தியார் வீடு தேடி வந்து ‘உங்கள் மகள் கெட்டிக்காரி’ என்று சொன்னால் அந்த அப்பாவின் காதில் அது எப்படி விழும்?

நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றைத்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரில் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். மீன் பிடிக்கப் போகிறார்கள், சைக்கிள் கேட்கிறார்கள், அப்பாவோடு மல்லுக்கு நிற்கிறார்கள், திட்டு வாங்குகிறார்கள். சாயங்காலம் சாப்பாட்டுக்கு வந்து உட்காருகிறார்கள். உங்களுக்கு இது ஒன்றும் நடக்காத கதை. நூறு வருடமாக அந்த மக்களிடமிருந்து பிடுங்கப்பட்டது சரியாக இதுதான். பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியதும் குழந்தைகள் நலத் துறை ஆட்கள் வந்தார்கள். 1960களிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தார்கள். 1980கள் வரை அது நடந்தது, அதாவது இந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்த காலம் வரை. இன்றும் முடிந்தபாடில்லை. 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் 14 வயதுக்குட்பட்டவர்களில் பூர்வகுடிப் பிள்ளைகள் 7.7 சதவீதம். வளர்ப்பு வீடுகளில் விடப்பட்டிருக்கும் பிள்ளைகளிலோ அவர்கள் 53.8 சதவீதம். இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பையன் சைக்கிளுக்காக புளூபெர்ரி பறிப்பதை மறுபடி பாருங்கள். அது மழுப்பலா?

கொடுமையைக் காட்டினால்தான் உண்மை என்று எங்கே படித்தீர்கள்? அடிபட்டவர்கள் நம் முன்னால் வந்து காயத்தை அவிழ்த்துக் காட்ட வேண்டும், பார்த்து நாம் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு நல்லவர்களாகிவிட வேண்டும். இந்தப் பழக்கம் படித்தவர்களிடம் நிறைய வந்துவிட்டது. எனக்கு இதைக் கண்டாலே எரிச்சல்.

என் தங்கை அமெரிக்காவில், மினியாபொலிஸில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்த ஒரு செப்டம்பரில், வடக்கே லீச் லேக் பக்கம் ஒஜிப்வே குடும்பம் ஒன்று காட்டரிசி வறுப்பதைப் பார்க்க அழைத்துப் போனார்கள். அவர்கள் மனோமின் என்கிறார்கள். ஏரித் தண்ணீரில் தானாக முளைக்கும் புல். படகில் ஒருவர் கழியால் தள்ளிப் போக, இன்னொருவர் இரண்டு சிறிய தேவதாரு கோல்களால் கதிரை மடக்கி மெல்லத் தட்டுவார். முற்றியது படகுக்குள் விழும். முற்றாதது செடியிலேயே நிற்கும், மீதி தண்ணீரில் விழுந்து அடுத்த வருடத்துக்கு விதையாகும். நான் போனபோது காயவைத்த நெல்லை ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில் சாய்த்துப் போட்டு விறகுத் தீயில் வறுத்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். துடுப்பு மாதிரி நீளமான கட்டையால் இடைவிடாமல் புரட்ட வேண்டும். பச்சையும் பழுப்புமாக இருந்த மணிகள் மெல்லக் கறுத்தன. புகையும் ஏரிச் சேறும் வறுத்த தானியமும் கலந்த வாசனை.

எங்களோடு வந்த பெண் ஒருத்தி, நல்ல மனசுக்காரிதான், அவரிடம் போய் ‘நீங்களும் அந்தப் பள்ளிக்குப் போனவரா’ என்று கேட்டுவிட்டாள். அவர் நிமிரவே இல்லை. பேசினால் அரிசி தீய்ந்துவிடும் என்றார். வறுத்ததைத் தரையில் தோண்டி மரப்பலகை பதித்த சின்னக் குழியில் கொட்டினார். பேரனைக் கூப்பிட்டார். பையன் மான்தோல் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். இரண்டு பக்கமும் நட்டிருந்த கம்பைப் பிடித்துக்கொண்டு உமி போக மிதிக்க ஆரம்பித்தான். அவசரப்பட்டுக் குதித்தான். தாத்தா ஓர் அதட்டுப் போட்டார். மணி உடையக் கூடாது, பாதத்தைத் திருகித் திருகி மிதிக்க வேண்டும். பையன் முனகிக்கொண்டே மெதுவாக மிதித்தான். அப்புறம் பாட்டி பிர்ச் மரப்பட்டை முறத்தில் அள்ளிப் புடைத்தாள். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு அதைவிட நல்ல பதில் யாரும் சொல்லிவிட முடியாது என்று எனக்குத் தோன்றியது.

இனி உங்கள் ‘இலவசப் பணம்’. இதைப் படித்ததும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நீங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு 1850-ல் போட்ட ராபின்சன் சுப்பீரியர் ஒப்பந்த நிலத்தில் இருக்கிறது. சுப்பீரியர் ஏரியின் வடகரை அனிஷினாபே மக்கள், அதாவது ஒஜிப்வேக்கள், நிலத்தைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தார்கள். பதிலுக்கு வருடாந்திரத் தொகை, நிலம் வருமானம் தந்தால் அதுவும் கூடும் என்பது வாக்கு. 1875-ல் ஆளுக்கு 4 டாலர் ஆக்கினார்கள். அதன் பிறகு மரம் வெட்டினார்கள், சுரங்கம் தோண்டினார்கள், ஆற்றைத் திருப்பி மின்சாரம் எடுத்தார்கள். 2024-லும் தொகை அதே 4 டாலர்தான். உங்கள் ஊரில் அதற்கு ஒரு காபியும் ஒரு டோனட்டும் வந்தால் அதிகம். 2024 ஜூலையில் கனடாவின் உச்ச நீதிமன்றமே, அரசு தன் வாக்கைக் கேலிக்கூத்தாக்கிவிட்டது என்று தீர்ப்பெழுதியது. யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இலவசம் என்று எழுதாதீர்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியாத ஊர், உறைய வைக்கும் குளிர், தனியாகப் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாராவது கத்தினால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்களும் படிக்கத்தானே அந்த ஊருக்கு வந்தீர்கள்? வடக்கே காட்டுக்குள் இருக்கும் பூர்வகுடி ஊர்கள் பலவற்றில் மேல்நிலைப் படிப்புக்கு வழியில்லை. பிள்ளைகள் சின்ன விமானம் ஏறித் தண்டர் பேக்குத்தான் வர வேண்டும், யார் வீட்டிலோ தங்கித்தான் படிக்க வேண்டும். 2000-க்கும் 2011-க்கும் இடையில் அப்படி வந்த மாணவர்களில் ஏழு பேர் இறந்துபோனார்கள். ஐந்து பேரின் உடல்கள் ஆறுகளில் கிடைத்தன. 15 வயதுப் பிள்ளைகளும் அதில் உண்டு. 2016-ல் விசாரணை முடிந்து 145 பரிந்துரைகள் வந்தன. பூர்வகுடிகள் விஷயத்தில் அந்த ஊர்க் காவல்துறைக்குள் இனவாதம் ஊறியிருக்கிறது என்று 2018-ல் மாகாணத்தின் காவல் மேற்பார்வை அமைப்பே சொன்னது. நீங்கள் நடக்கும் தெருக்களில்தான் அந்தப் பிள்ளைகளும் புத்தகப் பையோடு நடந்தார்கள். உங்கள் அம்மா இரவில் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பது போலத்தான் அவர்கள் அம்மாக்களும் கேட்டிருப்பார்கள்.

ஒஜிப்வே வாழ்க்கையை அறிய இந்தத் தொடர் உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். உதவும், 13 பகுதியையும் பாருங்கள். அப்புறம் கோடையில் ஊருக்குப் பக்கத்திலேயே ஃபோர்ட் வில்லியம் ரிசர்வின் ஒஜிப்வே மக்கள் மக்கே மலையில் பவ்வவ் என்ற ஆட்டமும் மேளமுமான திருவிழா நடத்துவார்கள், வெளியாட்களும் போகலாம். போய் ஓரமாக உட்காருங்கள். மேளம் கேளுங்கள், பொரித்த ரொட்டி வாங்கிச் சாப்பிடுங்கள். யாரிடமும் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பார்த்ததை எனக்கு விரிவாக எழுதுங்கள், நான் காத்திருப்பேன். பஸ் நிறுத்தத்தைப் பற்றி மட்டும் இனி எழுத வேண்டாம்.