கேள்வி–பதில்: ஊர் நாய்களும் வெறிநோயும்

எங்கள் ஊரில் வளர்ப்பு நாய்களுக்கெல்லாம் தடுப்பூசி போட்டாயிற்று. தெருநாய்களை வண்டியில் ஏற்றி நாகமலை அடிவாரத்தில் விட்டுவிடலாம் என்கிறார்கள். சரிதானா?
– வாசகர், செக்கானூரணி

தயவுசெய்து வேண்டாம். எச்சில் சோறும் இறைச்சிக் கழிவும் ஊரில் கிடக்கும்வரை, காலியான தெருவுக்கு ஊசி போடாத வெளியூர் நாய்கள் வந்து சேரும். பிடித்த நாயைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து அதே பகுதியில் விட வேண்டும் என்றுதான் 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் சொல்கின்றன.

நூற்றுக்கு 70 நாய்களுக்காவது ஊசி போட்டால்தான் நோய் நாய்க்கு நாய் தாவுவது நிற்கும். ஆகவே முதலில் கணக்கெடுங்கள். டீக்கடை திறக்கும் நேரத்தில் இருவர் தெருத்தெருவாகப் போய், வீட்டு நாய், தெருநாய், குட்டி எனத் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நாய்கள் பாலத்தடியில் ஒதுங்கிக்கொள்ளும், கணக்கு பிசகும்.

கால்நடை மருந்தக மருத்துவரிடம் பேசி முகாம் நாளைக் குறியுங்கள். பால் சொசைட்டி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம் மூன்றிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெருநாய்க்குத் தினமும் சோறு வைப்பவர் ஒருவர் எந்தத் தெருவிலும் இருப்பார். அவர் கூப்பிட்டால் நாய் வந்து நிற்கும். வலை போட்டுத் துரத்தினால் அடுத்த வருடம் கிட்டேயே வராது. கையில் சிக்காத நாய்க்கு மட்டும் பழகிய ஆளை வைத்து வலை போடுங்கள். பிடிப்பவர்கள் முன்னதாகவே தங்களுக்கு 0, 7, 28-ம் நாட்களில் (முதல் ஊசி போடும் நாள்தான் 0) தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டிக்குள் பனிக்கட்டியோடு ஒட்டிக் கிடந்து உறைந்த மருந்து கெட்டதுதான். உருகியபின் தெளிவாகத் தெரிந்தாலும் போடக் கூடாது. இடையில் தடிமனான காகிதம் வையுங்கள். ஒரு நாய்க்கு 1 மி.லி. போட வேண்டும். ஊசி போட்டதும் நெற்றியில் சாய அடையாளம் வைத்தால், மாலையில் ஒரு சுற்று வந்து விடுபட்டதை எண்ணிவிடலாம். பல முகாம்களில் குட்டிகளை விட்டுவிடுகிறார்கள். அது தப்பு. குட்டிக்கும் போட்டு, மூன்று மாதம் ஆனதும் மறுபடி போட வேண்டும். நாய்கள் செத்தும் பிறந்தும் மாறிக்கொண்டே இருப்பதால் முகாம் வருடாவருடம் வேண்டும்.

நாய்க்குட்டி என் மகன் கையைப் பிறாண்டிவிட்டது. ரத்தம் வரவில்லை. குட்டிக்கு ஏது வெறி என்கிறார் மாமியார்.
– வாசகி, மேலூர்

குட்டிக்கும் வெறி வரும். கீறலைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள்; ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தக் காலத்து ஊசி இப்போது இல்லை. இரண்டு மேற்கையிலும் தோலுக்குள் 0.1 மி.லி. வீதம், 0, 3, 7, 28-ம் நாட்களில் போடுவார்கள். முதல் ஊசி போட்ட நாள்தான் 0, கடித்த நாள் அல்ல.

ரத்தம் கசிந்திருந்தால் தடுப்பூசியோடு சீரமும் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் பொருள்) வேண்டும். அதைப் புண்ணுக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். இடுப்பில் மட்டும் போட்டால் பலன் இல்லை. முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாட்களுக்குள் சீரத்தைப் போட்டாக வேண்டும். குட்டியைக் கட்டிவைத்து 10 நாள் கவனியுங்கள், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.