வேலையை விடலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

கல்முனையில் ஒரு லீசிங் கம்பனியில் மார்க்கெட்டிங் ஒபிசர். நாலு வருடம் பத்து மாதம் ஆகிறது. இன்னொரு இடத்தில் மாதம் ஐயாயிரம் கூடத் தருகிறார்கள். போகலாமா?

போங்கள் தம்பி, ஆனால் இரண்டு மாதம் கழித்து. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அது. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், கடைசியாக எடுத்த சம்பளக் கணக்கில். மாதம் 60,000 எடுக்கிறீர்கள் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒன்றரை இலட்சம். இப்போதே மாறினால் அந்த இரண்டு மாதத்தில் கூடக் கிடைப்பது பத்தாயிரம்தான். விலகல் கடிதத்தையும் ஐந்து வருடம் முடிந்த பிறகே கொடுங்கள். கடிதத்தைக் கண்டதும் அன்றே அனுப்பிவிடுகிற மனேஜர்களும் இருக்கிறார்கள். 'நாளைக்கே வா' என்று புது இடம் அவசரப்படுத்தினால், அந்தக் கதிரை ஏன் காலியானது என்று அங்கே வேலை செய்தவர் யாரிடமாவது விசாரியுங்கள்.

தகுதிகாண் காலம் ஆறு மாதம், அதுவரை ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இல்லை என்கிறார்கள். சரியா? (செங்கலடி)

சரியில்லை. முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும்: உங்கள் சம்பளத்தில் 8 வீதம், கம்பனி 12 வீதம், அதற்கு மேல் கம்பனியே ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம். சம்பளம் 40,000 என்றால் கம்பனி தன் பங்காகப் போட வேண்டியது மட்டும் மாதம் 6,000. என் முதல் வேலையில் சம்பளச் சிட்டையில் ஒழுங்காகக் கழித்தார்கள். கட்டவேயில்லை என்பது விலகிய பிறகுதான் தெரிந்தது. பிடித்தால் போதாது, உங்கள் பெயரில் வரவாகிறதா என்றும் பாருங்கள். சிட்டைகளை எறிய வேண்டாம். மட்டக்களப்பில் உள்ள தொழில் அலுவலகத்தில் முறையிட அவைதான் கைகொடுக்கும்.

ஒன்றரை வருடத்தில் மூன்று வேலை மாறிவிட்டேன். சி.வி.யில் எழுதலாமா?

எழுதுங்கள். மறைத்துப் பிடிபட்டால்தான் வில்லங்கம். ஆனால் நாலாவது இடத்தில் இரண்டு வருடமாவது இருங்கள்.

கொழும்புக்குப் போனால்தான் பதவி உயர்வு என்கிறார்கள். அம்மா தனியாக இருக்கிறா. (களுவாஞ்சிக்குடி)

தங்கச்சி, அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒரு கிளையில் மனேஜர் கதிரை ஒன்றுதான், அதில் இருப்பவரும் லேசில் எழும்பமாட்டார். நம் பக்கத்துக் கிளைகளில் பிள்ளைகள் வந்து வந்து போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆனால் போர்டிங் வாடகை, சாப்பாடு, மாதம் ஒருமுறை உதயதேவி ரயிலில் வந்து போகும் செலவு எல்லாவற்றையும் கூடுகிற சம்பளத்திலிருந்து கழித்துப் பாருங்கள். மிச்சம் வந்தால் போகலாம். எத்தனை வருடத்தில் மட்டக்களப்புக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்பதை மட்டும் வாய்ப்பேச்சாக விடாமல் கடிதத்தில் வாங்கிக்கொண்டு பெட்டியைக் கட்டுங்கள்.