கெல்ம்ஸ்காட் ஊர்மன்றமும் பக்கத்துக் குடில்களும்: கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தின் கெல்ம்ஸ்காட் கிராமத்து ஊர்மன்றத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் கிம்சன் என்கிறீர்கள். அவர் 1919-லேயே இறந்துவிட்டார். ஊர்மன்றம் திறந்தது 1934-ல். அவர் பெயரை ஏன் சொல்கிறீர்கள்?

வரைபடம் அவருடையது. பணம் திரட்டியவர், கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸின் மகள் மே. வேலையை மேற்பார்த்தவர் கட்டடக் கலைஞர் நார்மன் ஜூசன். திறந்து வைத்தவர் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா.

கேள்வி: கூரையின் கல் ஓடுகள் மேலே போகப் போகச் சிறிதாவது அழகுக்காகவா?

அழகு தானாக வந்தது. குவாரியில் கல் ஒரே அளவில் கிடைக்காது. கிடைத்ததில் எதையும் வீணாக்க மாட்டார்கள். கனத்த பெரிய ஓடுகள் கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்தருகே, சுவர் தாங்கும் இடத்தில் உட்காரும். கூரை முழுவதன் மழைநீரும் அங்கேதான் வந்து சேர்கிறது. பெரிய ஓடு என்றால் இணைப்புகளும் குறைவு. சிறியவை உச்சிக்குப் போகும். அந்த வட்டாரத்து ஸ்டோன்ஸ்ஃபீல்ட் கிராமத்தில் முன்பு கல்லை ஈரம் காயாமல் வைத்திருந்து பனிக்காலத்தில் வெளியே பரப்புவார்கள். உள்ளே உறைந்த நீர் கல்லை ஏடு ஏடாகப் பிரித்துவிடும். அப்படிப் பிரிந்த ஓடுகள் கரடுமுரடானவை, ஒன்றோடொன்று ஒட்டி உட்காராது. நீர் தங்காமல் ஓட வேண்டும். கூரை அவ்வளவு சரிவாக இருப்பது அதனால்தான்.

கேள்வி: பக்கத்துக் குடில் சுவரின் சிற்பத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர் யார்?

மாரிஸ். அவர் மனைவி ஜேன், 1902-ல் கட்டடக் கலைஞர் பிலிப் வெப்பைக் கொண்டு கட்டிய நினைவுக் குடில்கள் அவை. செதுக்கியவர் ஜார்ஜ் ஜாக்.

கேள்வி: இப்படிப்பட்ட கல்வீட்டில் ஈரம் ஏறினால் சிமெண்ட் பூசலாமா?

கூடாது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளே அடைத்துவிடும், கல் உதிரும்.

கேள்வி: இடுக்குகளில் மட்டும் சிமெண்ட்?

மேலே சொன்னதுதான். கூடாது.

கேள்வி: 1934-ல் பழங்காலம் போலக் கட்டுவது போலித்தனம் இல்லையா? பழமையைப் போலியாகப் புதுப்பிப்பதை எதிர்த்துத்தானே மாரிஸ் 1877-ல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்?

அவர் எதிர்த்தது வேறு. பழைய தேவாலயங்களின் சுவரைச் சுரண்டி, ‘முன்பு இப்படித்தான் இருந்திருக்கும்’ என்று யூகித்துப் புதிதாக ஒட்டவைத்ததை எதிர்த்தார். இந்த மன்றம் எந்தப் பழைய கட்டடத்தின் மேலும் கைவைக்கவில்லை.

கேள்வி: நானும் அவர் கட்சிதான். கான்கிரீட் காலத்தில் கல் எதற்கு?

ஊர்க்கல்லும் அதில் கைதேர்ந்த கொத்தனாரும் இருக்கும்போது கல் ஏன் கூடாது? மாரிஸை 1884-ல் லெஸ்டரில் சந்தித்த கிம்சன், பிறகு காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியிலேயே குடியேறி இந்தக் கைவேலையோடு வாழ்ந்தவர். உயிரோடிருக்கும் முறையில் கட்டியதை நான் போலி என்று சொல்லவே மாட்டேன்.

கேள்வி: புகைபோக்கிக்காவது சிமெண்ட்?

கூடாது!

கேள்வி: பழைய ஆங்கிலேய வீடுகளில் பார்க்கும் கறுப்பு வெள்ளை மரச்சட்டங்கள் இங்கே ஏன் இல்லை?

இது கல் நாடு. மரச்சட்டத்துக்கு சஃபோக்கின் லாவனம் கில்டு மண்டபத்தைப் பாருங்கள்.